மூன்றரை மணி அத்தியாயம்

சங்ககிரி தாண்டியாச்சு, மணி இரண்டு நாற்பது, இன்னும் ஐம்பது நிமிஷம், ஐம்பது நிமிஷத்தில் குட்டு உடையப் போகிறது என்று தெரிந்த ஒருத்தி காரின் பின்சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டு என்ன செய்ய முடியும், ஒன்றும் செய்ய முடியாது, மடியில் தாம்பூலப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், கலாவதி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். இடது பக்கம் அலுமினிய அண்டா, சேலத்துச் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் மிஞ்சிய லட்டு அதில் முக்கால்வாசி, அதற்கு சீட் பெல்ட் வேறு போட்டிருக்கிறார்கள், மனுஷிக்குத்தான் போடவில்லை. வலது பக்கம் நாத்தனார் பூர்ணிமா, தலை நிறைய மல்லிகை, கையில் ஃபோன். முன்னால் மாமியார் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். ஓட்டுகிறவன் புருஷன் ஜெகநாதன், மனசுக்குள் அவன், வாயில் அவருங்க. அவனுக்கும் மாமியாருக்கும் நடுவில், எல்லோரும் பார்க்கிற மாதிரி, ஸ்டாண்டில் மாட்டியிருக்கிறது கலாவதியின் ஃபோன். அவனுடையது கைகழுவும் தொட்டியில் விழுந்து செத்துப்போனது, கிளம்பும்போது கையை நீட்டி அவள் விரலிலிருந்து உருவிக்கொண்டான், பொண்டாட்டி ஃபோன்தானே, கேட்கவா வேண்டும். மேப் போட்டிருக்கிறான். பதினைந்து வருஷமாகப் போய்வருகிற ரோடு, கண்ணைக் கட்டிவிட்டாலும் கோயமுத்தூர் போய்ச் சேருவான், ஆனாலும் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே வரவேண்டும் அவனுக்கு. நாலு இருபத்திரண்டு என்கிறது மேப். அதற்கு முன்னால் மூன்றரை வரும்.

மூன்றரைக்கு மிருதுளா வனமாலியின் நூற்றுப் பதினெட்டாவது எபிசோட் வெளியாகும். மிருதுளா வனமாலி யாரென்றால், வேறு யார், அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள்தான். ஐந்து வருஷமாக ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே இடது கட்டைவிரலால் தட்ட ஆரம்பித்தது, இன்றைக்கு எட்டு நாவல், கடைசியாக ஓடுகிற ‘இரும்பு மனசுக்காரன்’ மட்டும் பதினொரு லட்சம் தடவை படிக்கப்பட்டிருக்கிறது, பதினொரு லட்சம், அம்மாடி, நினைத்தால் அவளுக்கே கூச்சமாக இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டுப் பெண்கள் காலை நீட்டுகிற நேரம் மூன்றரை என்று கணக்குப் போட்டு, முந்தின நாளே எபியை ஆப்பில் ஏற்றி, நேரத்தைக் குறித்து விட்டுவிடுவாள். அது பாட்டுக்கு வெளியாகும். ஃபோன் மூச்சுக் காட்டாது, ஏனென்றால் நோட்டிஃபிகேஷன் எதுவும் வராதபடி அந்த ஆப்பின் வாயை ஆரம்பித்த அன்றைக்கே கட்டிப் போட்டிருந்தாள். ஐந்து வருஷமாகக் கட்டிப் போட்ட வாயை நேற்று சாயங்காலம் அவிழ்த்துவிட்டவளும் அவள்தான். அறிவு இருக்கிறதா உனக்கு? நாளையோடு கதை முடிகிறது, கடைசிக்கு முந்தின எபி, யார் என்ன சொல்கிறார்கள் என்று வந்த உடனே பார்க்கவேண்டும் என்று ஒரு அரிப்பு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஆசைப்பட்டேன், அன்றைக்குப் பார்த்து அந்தத் தொட்டியில் அந்த ஃபோன் விழவேண்டுமா?

“ஏனுங், ஃபோனச் சித்த குடுங்க, அம்மாகிட்டப் பேசோணும்” என்றாள். ஆற்றுப் பாலம் வரப்போகிறது என்று போர்டு சொன்னது. “ஊட்டுக்குப் போய்ப் பேசிக்க. மேப் ஓடுதில்ல?” என்றான் அவன், கண்ணாடியில் கூடப் பார்க்கவில்லை. “ரெண்டே நிமிசமுங்.” “கலா, சும்மா வா.” சும்மா வா. சும்மாதானே வருகிறேன், பத்தொன்பது வருஷமாகச் சும்மாதான் கூட வருகிறேன். இதே ‘சும்மா வா’வை ருத்ரேஷ் வாயில் முப்பத்தோராவது எபியில் போட்டிருந்தாள், ஹெலிகாப்டர் ஏறும்போது சொல்வான், எத்தனை பேர் அதற்கு ஹார்ட்டு விட்டார்கள்! ருத்ரேஷ்தான் இரும்பு மனசுக்காரன். ஆறடி இரண்டங்குலம், சாம்பல் நிறக் கண், மூன்று நாட்டில் கம்பெனி. இந்த மாதிரிக் கதைக்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு, ஹீரோ எதை வேண்டுமானாலும் செய்யலாம், தூக்கிக்கொண்டு போகலாம், மிரட்டித் தாலி கட்டலாம், கன்னத்தில் அறையலாம், ஆனால் நூறாவது எபி வாக்கில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவேண்டும், விட்டால் போதும், அத்தனை பேரும் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் வந்துவிடுவார்கள், இளநகை பிடிவாதக்காரி ஆகிவிடுவாள். இளநகைதான் ஹீரோயின், இரண்டு வாரமாக அம்மா வீட்டில் இருக்கிறாள், நாளைக்குத் திரும்பிப் போக வேண்டும். போய்த்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் மிருதுளா வனமாலியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். ஆரம்பத்தில் ருத்ரேஷ் ருத்ரேஷாகத்தான் பேசினான். நாற்பதாவது எபிக்கு மேல் என்ன ஆயிற்றோ, அவன் வாயைத் திறந்தால் ஜெகநாதன் வருகிறான். போர்வெல் மோட்டார் கடை வைத்திருக்கிறவன் பேச்சை சிங்கப்பூர் முதலாளிக்குக் கொடுத்தால் பொருந்துமா? பொருந்தியது. ஒருத்தியும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

தெரிந்தால் என்ன செய்வான்? அடிக்கமாட்டான், அடிக்கிற ஆள் இல்லை, அதை அவனே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான், நானெல்லாம் கை வச்சதே இல்லீங்க. கல்யாணமான புதிதில் ஒரு வாரப் பத்திரிகையில் அவள் கதை ஒன்று வந்தது, கலாவதி ஜெகநாதன் என்று பெயர் போட்டு, அவன் பெயரும் சேர்ந்து இருக்கிறதே, சந்தோஷப்படுவான் என்று தட்டோடு வைத்துக் கொடுத்தாள். “நம்ம ஊட்டு அழுக்க ஊருக்குள்ள காயப்போடறயா?” என்றான். அது பஸ் ஸ்டாண்டில் வழி தவறின ஒரு நாயைப் பற்றிய கதை. நாய்க்கும் நம் வீட்டு அழுக்குக்கும் என்ன சம்பந்தம்? “இதோட நிறுத்திக்க” என்றான், நிறுத்திக்கொண்டாள், பதினாலு வருஷம் மளிகைச் சீட்டு தவிர வேறு எதுவும் எழுதவில்லை. இப்போது தெரிந்தால் ஆப்பை அழித்துவிட்டு ஃபோனை வாங்கிவைத்துக்கொள்வான், சிரித்துக்கொண்டேதான் செய்வான், உனக்கு எதுக்கு இந்தத் தொல்லை என்பான். அவ்வளவுதான், எழுத்து போச்சு. பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், வீட்டில் மாமியாருடைய சீரியல், அவனுடைய நியூஸ், இதற்கு நடுவில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு அவளுக்கென்று ஒரு இடம் இருந்தது, அதுவும் இல்லையென்றால் நான் என்ன செய்வேன், சாமி, என்ன செய்வேன்? மணி மூன்று ஐந்து. பாலம் வந்தது, காவிரியா பவானியா என்று அவளுக்கு எப்போதும் குழப்பம், தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வண்டி பிரேக் டவுன் ஆகக் கூடாதா? சிக்னல் இல்லாத இடமாகப் பார்த்து நின்றுவிடக் கூடாதா? நாலு வழிச் சாலையில் சிக்னல் இல்லாத இடம் ஏது.

பூர்ணிமா பெருமூச்சு விட்டாள். “மூணரை எப்ப ஆகும்னு இருக்குதுங் அண்ணி” என்றாள். அது ஒரு கொடுமை. இவளும் மிருதுளா வனமாலியின் வாசகிதான், சாதாரண வாசகியா, மழைச்சாரல்84 என்ற பெயரில் எபி தவறாமல் கருத்துப் போடுகிறவள், ருத்ரேஷ் கட்சியின் தலைவி, ‘ரைட்டர் ஜி, எங்க ருத்துவை ரொம்ப அழ வைக்காதீங்க, அவ திமிரை முதல்ல அடக்குங்க’ என்று எழுதுகிறவள். அந்த மழைச்சாரல் இந்தப் பூர்ணிமாதான் என்று போன தீபாவளிக்குத்தான் தெரிந்தது, “ரைட்டரே எனக்கு ரிப்ளை போட்டிருக்காங்க அண்ணி!” என்று ஓடிவந்து காட்டினாள், கலாவதி முறுக்குப் பிழிந்துகொண்டே தான் அனுப்பிய ஹார்ட்டைத் தானே பார்த்தாள். எழுதியவள் யாரென்று இவளுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் அத்தனை சொந்தத்துக்கும் தெரிந்துவிடும். நல்லவள்தான், வாயில்தான் பூட்டு இல்லை. அதுவும் இன்றைய எபி! இன்றைய எபியில் என்ன இருக்கிறது என்பதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரமாக ஆற்றையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

இன்றைய எபியில் பட்டியல் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து மெட்ரிக் பள்ளியில் டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டாள். “உனக்கு என்ன குறை வச்சேன்? ஒரு லிஸ்டு போட்டுக் குடு, பாப்போம்” என்றான் ஜெகநாதன். பைத்தியக்காரி, நிஜமாகவே கேட்கிறான் என்று நினைத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினொன்று எழுதிக் கொடுத்தாள். பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத் தரணும். நான் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைக்கணும். மற்றதும் இப்படி இப்படியே. அவன் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். ஆடிக்குப் பூர்ணிமாவும் அவள் வீட்டுக்காரரும், பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரும் விருந்துக்கு வந்தபோது, எல்லோருக்கும் இலை போட்டு அவள் பரிமாறிக்கொண்டிருக்கையில் எடுத்துப் படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று கணீரென்று படித்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நின்றாள், அதைத்தான் அவளால் இன்றுவரைக்கும் பொறுக்கமுடியவில்லை. ஏழாவதைப் படிக்கும்போது பூர்ணிமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கலாவதிதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தாள். நேற்று, இளநகை எதனால் அம்மா வீட்டுக்குப் போனாள் என்று பழைய கதையைச் சொல்லப்போய், ருத்ரேஷ் விருந்து மேசையில் எழுந்து நின்றதும் அவன் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து காலண்டர் தாள் வந்துவிட்டது, என்ன செய்ய! ஆனால் மாற்றிவிட்டாள், ஜாக்கிரதையாகத்தான் மாற்றினாள். தாழ்ப்பாளைத் தனி அறைச் சாவி ஆக்கினாள். டிவியை போர்டு மீட்டிங் ஆக்கினாள். நாலாவது மாமியார் மருந்து, அதை எஸ்டேட் கணக்கு ஆக்கினாள், ஐந்து, ஆறு, எட்டு எல்லாம் மாற்றியாச்சு, ஏழு... ஏழாவது என்ன போட்டேன்? பால் பொங்கிவிட்டது, நேற்று ஏழாவதுக்கு வரும்போது அடுப்பில் பால் பொங்கிவிட்டது, இறக்கிவைத்துவிட்டு வந்து எட்டிலிருந்து தட்டினேன். ஐயோ. ஏழாவதை மாற்றவே இல்லை. அப்படியே இருக்கிறது. அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. காருக்குள் மல்லிகை வாசமும் லட்டு நெய்யும் சேர்ந்து குமட்டிக்கொண்டு வந்தது, பெருந்துறை இறக்கத்தில் மணி மூன்று இருபத்தாறு.

வாந்தி வருகிறது என்று சொல்லி நிறுத்தச் சொல்லலாம். நிறுத்துவான், ஃபோனை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுப்பான், நாலு நிமிஷம் ஓரமாக நின்றாலும் மூன்றரை மூன்றரைதான். கையை நீட்டிப் பிடுங்கலாம். பிடுங்கினால் ஏன் என்பான். ஏன் என்றால் என்ன சொல்வது? இத்தனை கதை எழுதுகிறவளுக்கு ஒரு பொய் வரவில்லை பார், எட்டு நாவலில் எத்தனை பொய், எத்தனை ஆள்மாறாட்டம், இப்போது ஒன்று கூட வாயில் வரமாட்டேன் என்கிறது. மூன்று இருபத்தெட்டு. மாமியார் விழித்துக்கொண்டு, “பெருந்துறை போயிருச்சா?” என்றாள். “போயிருச்சுங்மா” என்றாள் பூர்ணிமா. மூன்று இருபத்தொன்பது. லாரி ஒன்றை முந்தினான். டொய்ங் என்றது ஃபோன், மேப்பின் தலையில் ஒரு பட்டை இறங்கியது.

ஜெகநாதன் தலையைச் சாய்த்துப் படித்தான். “இரும்பு மனசுக்காரன், அத்தியாயம் நூத்திப் பதினெட்டு வெளியாகிவிட்டது. மிருதுளா வனமாலி. என்னடா இது?” கலாவதி கண்ணை மூடிக்கொண்டாள். “அண்ணீ!” என்று பூர்ணிமா கத்திய கத்தலில் மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீங்களும் படிக்கறீங்களா? அமுக்குணி! ஒரு வார்த்தை சொன்னீங்களா? தீபாவளிக்கு நான் அத்தன சொன்னேன், தெரியாத மாதிரியே முறுக்குப் புழிஞ்சீங்க!” என்று தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தப்பித்தேனா? படிக்கிறவளாம். நானும் படிக்கிறவளாம், கடவுளே. “எப்பவாச்சும்” என்றாள் கலாவதி, குரல் யாருடையதோ மாதிரி வந்தது. “என்ன கதை அது? சத்தமாத்தான் படியேன், தூக்கம் வருது எனக்கு” என்றான் ஜெகநாதன், பட்டையைத் தள்ளிவிட்டுக்கொண்டே. பூர்ணிமாவுக்குச் சொல்லவா வேண்டும், நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

அவள் நன்றாகத்தான் படித்தாள், ருத்ரேஷுக்கு ஒரு கட்டைக் குரல் கூடப் போட்டாள். தன் வரிகளை இன்னொருத்தி வாயில் கேட்பது இதுதான் முதல் தடவை, கேட்கக் கேட்க ஒரு பக்கம் உடம்பு கூசுகிறது, இன்னொரு பக்கம், பரவாயில்லையே, நன்றாகத்தானே இருக்கிறது என்று வெட்கம் கெட்ட ஒரு சந்தோஷம் வேறு. ‘உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? ஒரு பட்டியல் போட்டுக் கொடு, பார்ப்போம்’ என்று பூர்ணிமா படித்தாள். கலாவதி கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். இப்போது. இப்போது தெரிந்துவிடும். “கரெக்ட்டாத்தான கேக்கறான்” என்றான் ஜெகநாதன். “பொம்பளைங்க குறைன்னு ஒண்ணு சொல்லீட்டே இருப்பாங்க, என்னன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது.” மாமியார் சிரித்தாள். பூர்ணிமா ஒன்று படித்தாள், சாவி. இரண்டு. மூன்று. அவன் விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். விருந்தாளிகள் சிரிப்பது வந்தது, இளநகை சிரித்துக்கொண்டே பரிமாறுவது வந்தது. “விளையாட்டுக்குப் படிக்கறான், இதுக்குப் போயி அம்மா ஊட்டுக்குப் போயிட்டாளாக்கும்” என்றான். ஆறு. கலாவதி தாம்பூலப் பையின் காதைப் பிடித்துக்கொண்டாள். “ஏழு” என்று படித்தாள் பூர்ணிமா. “ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது நான் உட்கார்ந்திருக்க, எனக்கு யாராவது சூடாத் தோசை சுட்டுப் போடணும்.”

ஜெகநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். “இருவது சமையக்காரன் இருக்கற பங்களாவுல தோசை சுட ஆளில்லையாமா! எழுதறவளுக்கு மூளை கீளை இருக்குதா?” என்று கேட்டு மறுபடியும் சிரித்தான், நிஜமான சிரிப்பு, ஒளிவுமறைவே இல்லாத சிரிப்பு. அவனுக்கு ஞாபகம் இல்லை. ஐந்து வருஷமாகப் பயந்து பயந்து, நேரம் பார்த்து, பெயர் மாற்றி, ஊர் மாற்றி, ஆறடி இரண்டங்குலம் ஆக்கி, எதற்காக? அவன் வார்த்தையை அவன் முகத்துக்கு நேரே வைத்தாலும் அவனுக்கு அது யாரோ. கலாவதிக்கு நிம்மதி வரவேண்டும், வரவில்லை, இதைவிட அவன் கண்டுபிடித்து வண்டியை ஓரம் கட்டிக் கத்தியிருக்கலாம் என்று தோன்றியது, என்ன பிறவி நீ, மாட்டிக்கொண்டால் ஒரு பயம், மாட்டாவிட்டால் இப்படி ஒரு துக்கமா? நான் நின்றது, வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது, அவனுக்கு ஒரு மத்தியானம் கூட இல்லை. “மேல படிடி” என்றாள் மாமியார். பூர்ணிமா படிக்கவில்லை. “வண்டில படிச்சா தல சுத்துதுங்மா” என்றாள். அவளுக்கு வண்டியில் என்றைக்கும் தலை சுற்றியது இல்லை. டொய்ங் என்றது ஃபோன், இன்னொரு டொய்ங், சூப்பர் எபி ரைட்டர் ஜி, பாவம் ருத்து, அடுத்த எபி எப்போ. அந்த ஆப்பில் கருத்து வந்தால் எழுதுகிறவள் ஃபோனில்தான் மணி அடிக்கும், படிக்கிறவள் ஃபோனில் அடிக்காது, வருஷக்கணக்காகக் கருத்துப் போடுகிற பூர்ணிமாவுக்கு அது தெரியாமல் இருக்குமா? பூர்ணிமா முன்சீட்டுகளுக்கு நடுவே தெரிந்த ஃபோனைப் பார்த்தாள். அப்புறம் கலாவதி பக்கம் திரும்பாமலே ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்தாள், அவள் முகம் கன்றிப்போயிருந்தது.

போச்சு, தெரிந்துவிட்டது, இனி ஊரெல்லாம் தெரியும். வீட்டுக்குப் போய் இறங்கியதும் அண்ணா, உனக்கு விஷயம் தெரியுமா என்று ஆரம்பிப்பாள். இல்லை, இப்போதே ஆரம்பிப்பாள். அழுகிறாளா? எதற்கு அழவேண்டும், அன்றைக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தவள்தானே. பூர்ணிமா அழவில்லை, ஃபோனில் எதையோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். விஜயமங்கலம் தாண்டி வண்டி வேகம் பிடித்தது. டொய்ங். “ச்சை, இது வேற, ரோட்டையே மறைக்குது” என்று ஜெகநாதன் குனிந்து அதையும் படித்தான், போர்டு படிக்கிற பழக்கம், கண்ணில் எது பட்டாலும் வாய்விட்டுப் படித்துவிடுவான். “மழைச்சாரல் எண்பத்தி நாலாம். அவ திரும்பிப் போக வேண்டாம், ரைட்டர். நாங்க சிரிச்சிருக்கக் கூடாது. எவ எங்க போறா?” பூர்ணிமா வெளியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மடியில் கவிழ்த்துவைத்த ஃபோனின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். “கதைல வர்றவளுங்” என்றாள் கலாவதி. “கதைல வர்றவ போனா என்ன, வந்தா என்ன” என்று அவன் அந்த வரியைப் பட்டென்று தள்ளிவிட்டான், மேப் தெரிந்தது, நாலு இருபது.

நாங்க சிரிச்சிருக்கக் கூடாது. இளநகை போகமாட்டாள். பதினொரு லட்சம் பேர் கிழித்தாலும் போகமாட்டாள், நாளைக்கு அவள் அம்மா வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும், அவள் வெளியே வந்து, வந்து என்ன சொல்வாள், வரி வந்துகொண்டே இருந்தது, முதல் வரி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வரி, இப்போது தட்டாவிட்டால் ஓடிவிடும், வீட்டுக்குப் போனால் காபி போடவேண்டும், லட்டைப் பாத்திரத்தில் மாற்றவேண்டும், அதற்குள் ஓடிவிடும், எத்தனை வரி அப்படி ஓடியிருக்கிறது. “ஃபோனக் குடுங்க” என்றாள். “அம்மாகிட்ட ஊட்டுக்குப் போயிப் பேசிக்கன்னு சொன்னனில்ல?” “அம்மாகிட்டப் பேச இல்லீங்க. எழுதோணும்.” அவன் இப்போதுதான் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “என்னத்த எழுதோணும்? மேப் போயிருமல்ல?” “போவட்டுமுங். கோயமுத்தூருக்கு ரோடு நேராத்தான் போவுது” என்று சொல்லி முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் கையை நீட்டினாள். மாமியார் கையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். நீட்டிய கையைக் கலாவதி இழுத்துக்கொள்ளவில்லை.